முன் வலது சக்கரம்

சேகர்,

பிள்ளையார் சுழி போட்டுவிட்டேன். அதற்குக் கீழே நலம் விசாரித்து இரண்டு வரி எழுதுவது என் வழக்கம். இன்று கை வரவில்லை. ஓசூரில் நீயும் மருமகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை நீ தனியாகப் படிக்க வேண்டாம். அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி. அவளுக்குத் தெரியாமல் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாயென்றால், இதே வரிகளை அவள் பெயருக்கு இன்னொரு தடவை எழுதித் தபாலில் போடுவேன். எழுத எனக்கு அலுக்காது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் பதினோரு வருடமாக ஜீப்பு நோட்டு எழுதிவரும் கை இது.

திங்கட்கிழமை காலையில் நம் ஜீப்பு ஏரிக்கரையிலிருந்து இறங்கிவிட்டது. ஊரைவிட்டுப் போகும்போது நீ யார் கையில் சாவியைக் கொடுத்தாயோ அந்த ஏழுமலைதான் ஓட்டினான். வல்லத்திலும் வடகாலிலும் பதினொரு பெண்களை ஏற்றிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துக் கம்பெனிக்குக் காலை ஷிப்டுக்குப் போகிற அதே டிரிப். மதகு தாண்டிக் கரை சரிகிற இடத்தில் ஒரு எருமை குறுக்கே வந்தது. ஏழுமலை பிரேக்கை அழுத்தி மிதித்தான். வண்டி நேராக நிற்காமல் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய், இரண்டு சக்கரம் சரிவில் இறங்கி, ஒரு பனைமரத்தில் முட்டி நின்றது. அந்த மரம் அங்கே இல்லையென்றால், ஐப்பசி மழைக்கு நிறைந்து கிடக்கிற ஏரியில் பதினொரு பெண்கள். கன்னியம்மாவை உனக்கு நன்றாகத் தெரியும். பின்பக்கக் கடைசியில் சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு மாதம் அந்தக் கையால் ஒரு சொம்பு தூக்கக் கூடாதாம். திரும்பிப் போகும்போது கம்பெனியில் வேலை இருக்குமா என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அன்று மத்தியானம் அவள் வீட்டுக்காரன் நம் வாசலில் வந்து நின்றான். "உங்க புள்ள ஓட்டுன வரைக்கும் ஒரு நாளு இப்டி ஆச்சா? அந்தக் குடிகாரன் கையில வண்டியக் குடுத்துட்டுப் போனானே, இன்னா நெஞ்சழுத்தம்" என்று கத்தினான். பின்னாலேயே வந்த பெண்கள், "வாயில வாசன ஒண்ணும் அடிக்கலண்ணே" என்றார்கள். "வாசன இல்லாத சரக்கு எத்தினி வந்துக்கீது, உனக்குத் தெரியுமா?" என்று அவர்களையும் அடக்கிவிட்டான். ஏழுமலை குடிப்பான், மாசத்தில் இரண்டு மூன்று நாள், நீயும் நானும் அறிந்ததுதான். காலை டிரிப்புக்கு அவன் குடித்து வந்ததில்லை, அதுவும் நாம் அறிந்ததுதான். ஊருக்கு ஒரு காரணம் வேண்டும், குடிகாரன் என்கிற காரணம் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அம்மன் கோவிலில் பஞ்சாயத்து. ஏழுமலை கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அவனோ குடிக்கவில்லை என்று மட்டும் சத்தியம் செய்துவிட்டு, கை பிசகியது தன் தப்புதான் என்று ஒத்துக்கொள்ளப் போகிறானாம். அதற்கப்புறம் இந்தச் சுற்று வட்டாரத்தில் எவன் அவனிடம் ஒரு வண்டியைக் கொடுப்பான்? இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டிருக்கிறான்.

செவ்வாய்க்கிழமை அவன் நம் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. படியண்டையே நின்றுகொண்டு, "பெரிம்மா, நான் குட்சிட்டு ஓட்டல" என்றான். தெரியும்டா என்றேன். "எப்பவும் போலத்தான் மிதிச்சேன். மிதிச்சா எப்பவுமே கொஞ்சம் லெப்ட்ல இழுக்கும். சேகரு கிட்ட கேட்டேன், பழைய வண்டின்னா இழுக்கத்தான் செய்யும், ஸ்டீரிங்க ரைட்ல இறுக்கிப் புடிச்சுக்கோன்னான். அன்னிக்கு நான் சரியா இறுக்கிப் புடிக்கல போலக்கீது." இதைச் சொல்லிவிட்டு அவன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான், கை ஏதோ அவனுக்குத் துரோகம் பண்ணிவிட்ட மாதிரி. பிரேக் மிதிக்கும்போது மட்டும் இடது பக்கம் இழுக்கிற வண்டிக்கு என்ன கோளாறு என்பது நம் வீட்டில் எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். நோட்டின் நான்காம் பக்கத்திலேயே இருக்கிறது. எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் பிரேக் பிடிக்கிறது, எதிர்ப்பக்கம் பிடிக்கவில்லை. இதை எழுதிக்கொடுத்தவள் நான். படித்துக் காட்டியவன் நீ.

மருமகளுக்காக அந்த நோட்டைப் பற்றிச் சொல்கிறேன். மருமகளே, உன் மாமனார் இந்த ஜீப்பை ஒரு சர்க்கார் ஆபீஸ் ஏலத்தில் எடுத்தார். வந்த நாளிலிருந்தே அதற்கு ஒரு வியாதி போனால் ஒரு வியாதி. அவர் மெக்கானிக்கிடம் போய், "ஏதோ சத்தம் வருது பாய்" என்று மட்டும் சொல்வார். காதர் பாய் நல்ல மனிதர், வாய் நீளம். "சத்தம் என் பொஞ்சாதி கிட்டயும்தான் வருது, எங்கேர்ந்துன்னு சொல்லுங்க" என்பார். சொல்லத் தெரியாததால் ஒன்று இருக்க வேறொன்றைக் கழற்றிப் பார்ப்பார்கள். அதனால் நான் எழுத ஆரம்பித்தேன். வண்டி சூடாக இருந்தபோதா, காலையில் முதல் தடவை எடுத்தபோதா, மேட்டிலா, இறக்கத்திலா, திருப்பத்திலா, மழைக்குப் பிறகா. இத்தனையும் எழுதிக் கொண்டுபோய்ப் படித்தால், பாதி நாள் அவர் ஸ்பேனரை எடுக்கும் முன்பே கோளாறு தெரிந்துவிடும். "தங்கச்சி வந்தா டாக்டர் சீட்டோட வர்றாப்ல கீது" என்பார். பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துத்தான் எனக்குக் கை பழகியது. யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. பொம்பளை எதற்கு வண்டிக்கு அடியில் என்று சொன்னவர்கள்தான் நிறைய.

ஒரு சமாசாரம் நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. சேகர், உன் அப்பாவுக்கு, நாலு சக்கரத்தையும் ஒன்றாக இழுக்க வைக்கிற அந்த நாலு வீல் லிவர் மேல் ஒரு மோகம். அதைப் போட்டால் வண்டிக்கு ராட்சச பலம் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு, காய்ந்த தார் ரோட்டிலும் அதைப் போட்டபடியே ஓட்டினார். திருப்பத்தில் முன் சக்கரம் கீச்சென்று கத்தும், ஸ்டீரிங் கல்லாகிவிடும், டயர் மூன்று மாதத்தில் மொட்டையாகிவிடும், லிவர் எடுக்க வராது. சேற்றிலும் மணலிலும்தான் நாலு சக்கரமும் இழுக்க வேண்டும், அங்கே சக்கரம் சறுக்கி விட்டுக்கொடுக்கும், தார் ரோட்டில் விட்டுக்கொடுக்க வழியில்லாமல் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கும், பத்தடி பின்னால் எடுத்தால் முறுக்கு விட்டு லிவர் தானாக வந்துவிடும் என்று நான் நோட்டைப் பார்த்துச் சொன்னேன். ஒரு மாதம் கேட்கவில்லை. காதர் பாய் அதையே சொன்ன அன்று கேட்டார். நீயும் அவர் பிள்ளைதான். ஆனால் அவர் தெரியாமல் செய்தார், தெரிந்ததும் நிறுத்தினார். அந்த அளவுக்காவது அவரைப் போல இருந்திருக்கலாம் நீ.

இன்னொன்றும் சொல்கிறேன், ஏனென்றால் நீ எப்போதும் இப்படி இருந்தவன் இல்லை. ஒரு தை மாதம் ஜீப்பு ஒரகடம் போவதற்குள் கொதித்துக் கொதித்து நின்றது. கண் பட்டுவிட்டது என்று நான் பூசணிக்காய் உடைத்தேன். அப்பா ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓய்ந்தார். நீதான் குனிந்து பார்த்துவிட்டு, "அம்மா, இங்க வந்து பாரு, ஒரு களமே கீது" என்றாய். ரோட்டில் கொள்ளும் கேழ்வரகும் பரப்பி வைத்து நம் வண்டிகளை ஏறவிட்டுத்தானே எல்லோரும் கதிரடிக்கிறார்கள், அந்த உமியும் தூசியும் ரேடியேட்டரின் தகடுகளுக்கு நடுவில் அடைத்துச் சுவராகியிருந்தது. காற்றே போகவில்லை. நீயும் நானும் ஒரு சாயங்காலம் முழுக்க ஈர்க்குச்சியால் ஒவ்வொரு இடுக்காகக் குத்தி எடுத்தோம். பெல்ட்டு சரியாக இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, அப்படியும் கொதித்தால் முதலில் முன்னால் போய்க் குனிந்து பார் என்று நோட்டில் எழுதியது நீ. உன் எழுத்து அதில் வந்த முதல் நாள் அது. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. அதனால்தான் இப்போது அந்த எழுத்தைப் பார்க்கும்போது கிழித்துப் போடத் தோன்றுகிறது.

புதன்கிழமை, கரையிலிருந்து மேலே தூக்கி நம் வாசலுக்கு இழுத்து வந்த ஜீப்பின் அடியில் நான் பாயைப் போட்டுப் படுத்தேன். முன்னதாக நாலு வீல் லிவரை விடுவித்து, கியரை நியூட்ரலில் வைத்து, எல்லாச் சக்கரத்துக்கும் செங்கல் வைத்து, ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கியில் தூக்கினேன். அப்பாவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். சர்க்கரைப் புண்ணால் அவருக்கு வலது கால் ஊன்ற முடியாது, இடது காலால் மிதித்தார். பின் இடது, பிடித்தது. பின் வலது, பிடித்தது. முன் இடது, கையால் அசைக்க முடியவில்லை, கல் மாதிரி நின்றது. முன் வலது சக்கரத்தைத் தூக்கி, "மிதிங்க" என்றேன். "மிதிச்சுக்கினுதான் கீறேன்." "இன்னும் அழுத்தி மிதிங்க." "இதுக்கு மேல மிதிச்சா காலு ஓட்டையப் போட்டுக்கினு ரோட்டுக்கு வந்துடும்டி." அவர் மிதித்துக்கொண்டே இருந்தார். என் கையில் சக்கரம் ராட்டினம் மாதிரி லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

சக்கரத்துக்குள் பிரேக்கைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் ஒழுகினால் டயரின் உள்பக்கம் ஈரமாக இருக்கும். ஈரமில்லை. உள்ளே லைனிங் தேய்ந்திருந்தால் தேய்ந்த அளவுக்காவது கொஞ்சம் பிடிக்கும். அதுவும் இல்லை. அப்படியென்றால் பிரேக் ஆயில் அந்தச் சக்கரத்துக்குப் போகவே இல்லை. இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேருகிற நட்டைக் கழற்றினேன். உள்ளங்கையில் ஒரு சைக்கிள் பால்ரஸ் குண்டு விழுந்தது. பட்டாணி அளவு. பளபளவென்று புதுசாக இருந்தது. மருமகளே, சைக்கிள் சக்கரத்துக்குள் உருளுகிற அந்த இரும்புக் குண்டை நட்டுக்குள் வைத்து முறுக்கிவிட்டால் வழி அடைத்துக்கொள்ளும். ஒழுகும் சக்கரத்துக்கு ஆயில் போகாது, மற்ற மூன்றுக்கும் போகும். மிதித்தால் வண்டி நிற்கும். வெளியே இருந்து எவன் பார்த்தாலும் தெரியாது. எழுந்து போய் நோட்டைப் பிரித்தேன். தொண்ணூற்றொன்றாம் வருடம் என்று நீயே தலைப்புப் போட்ட பக்கத்தில், உன் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால், உன் கையெழுத்தில் ஒரே வரி. பிரேக் நாலும் பார்த்தாச்சு, சரி.

ஏன் செய்தாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கல்யாண வேலை தலைக்கு மேல் இருந்தது. ஒழுகுகிற வீல் சிலிண்டருக்குப் புதிது செங்கல்பட்டில் போய் வாங்க வேண்டும், இரண்டு நாள் வண்டி நிற்கும், அதற்குள் அந்த டிரிப்பை வேறு ஜீப்புக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவான். குண்டைப் போட்டாய். சரி, அதுவரைக்கும் ஒரு மனுஷன் செய்கிற காரியம்தான். அப்புறம்? கல்யாணம் முடிந்தது. விருந்து முடிந்தது. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, அந்த முன் வலது சக்கரத்துக்கும் நீதானே சந்தனம் குங்குமம் வைத்தாய்? அதற்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாய். கற்பூரத் தட்டை நான் நீட்டினேன், நீ வாங்கி அந்தச் சக்கரத்துக்கு மூன்று சுற்று சுற்றினாய். உள்ளே குண்டு இருக்கிறது என்று தெரிந்துகொண்டே சுற்றினாய். பெருமாளுக்குச் சக்கரத்தின் வெளிப்பக்கம் மட்டும்தான் தெரியும் என்று நினைத்தாயா? அதற்கு நாலாம் நாள் சாவியை ஏழுமலை கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாய். அவன் கேட்டானே, வாய் திறந்து கேட்டானே, ஏன் இழுக்கிறது என்று. அப்போதாவது சொல்லியிருக்கலாமே. பழைய வண்டி இழுக்கத்தான் செய்யும் என்றாயாம். பழைய வண்டியின் மேல் பழி போட்டாய், இப்போது ஊர் ஏழுமலை மேல் போடுகிறது.

அப்பா என்ன சொல்கிறார் தெரியுமா. "புள்ள புதுசா ஒரு பொண்ணக் கட்டிக்கினு போயிருக்கான். சம்பந்தி வூட்டுக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்? அந்தக் குண்ட எங்கனா தூக்கிப் போட்டுட்டு ஒரு சிலிண்டர மாட்டு. ஏழுமல குடிக்கிறவன்தானே, நாலு நாளு பேசும் ஊரு, அப்புறம் மறந்துடும்." நான் கேட்டேன், "கன்னியம்மா கை மறக்குமா?" "அதுக்கு வைத்தியச் செலவு நாம குடுத்துடலாம்." "ஏழுமல பேருக்கு எந்தக் கடையில வைத்தியம்?" அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. பிள்ளைப் பாசம், நான் அவரைக் குறை சொல்லவில்லை. எனக்கும் அது இருப்பதால்தான் பஞ்சாயத்துக்கு நேராகப் போகாமல் உனக்கு முதலில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் உன்னிடம் கத்த எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். கேள். குண்டு போடுகிற வித்தையை நீ எங்கே பார்த்தாய் என்பது எனக்கு மறக்கவில்லை. ஏழு வருடம் முன்னால், நீ லைசென்ஸ் எடுத்த வருடம், புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. நான் விரதம் இருந்து, கோவிலுக்குப் போய் வந்து, பெருமாளுக்குத் தளிகை போட்டுக்கொண்டிருந்தேன். பின் இடது சக்கரத்தில் சிலிண்டர் ஒழுகுகிறது என்று நீ வந்து சொன்னாய். பணம் இருந்தது. கடை திறந்திருந்தது. நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியும் விட்டாய். நான்தான் குறுக்கே நின்றேன். சனிக்கிழமை வீட்டுக்கு இரும்பும் எண்ணெயும் வாங்கி வரக் கூடாது, அதுவும் புரட்டாசிச் சனி, பிரேக் ஆயில் எண்ணெய், சிலிண்டர் இரும்பு, இரண்டும் ஒன்றாக வேண்டாம், திங்கட்கிழமை ஆகட்டும் என்றேன். "ஞாயித்துக்கெழம காலைல டிரிப்பு கீதும்மா" என்றாய். காதர் பாய் தலையைச் சொறிந்துகொண்டு, "தங்கச்சி சாமிக்கும் வண்டிக்கும் சேத்து ஒரு வழி சொல்றேன்" என்று சொல்லி, தன் டப்பாவிலிருந்த பழைய குண்டு ஒன்றை எடுத்துப் போட்டார். "திங்கக்கெழம வரைக்கும்தான். யார் ஓட்டுனாலும் சொல்லிடுங்க, மெதுவாப் போவணும்" என்றார்.

திங்கட்கிழமை வந்தது. வண்டி நின்றது, ஓடியது, ஒன்றும் ஆகவில்லை. அடுத்த திங்கள் மாற்றலாம் என்று நோட்டில் எழுதினேன். அதற்கடுத்த திங்களும் எழுதினேன். நான்காம் வாரம் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அந்தக் குண்டு பத்து மாதம் அங்கேயே இருந்தது. பின் சக்கரம் ஆனதால் இழுப்பு பெரிதாகத் தெரியவில்லை, அவ்வளவுதான் என் அதிர்ஷ்டம். பெருமாள் காப்பாற்றினார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், அவர் மேல் எவ்வளவு சுமையைத் தூக்கி வைத்திருக்கிறேன் என்று கூச்சமாக இருக்கிறது. சனிக்கிழமை இரும்பு வாங்காதே என்று அவர் எப்போது சொன்னார்? ஊர் சொன்னது, நான் பிடித்துக்கொண்டேன். விரதத்தைக் கெடுக்காமல் பத்துப் பேரின் உயிரைக் கெடுக்கத் துணிந்தவள் நான். நீ பார்த்துக்கொண்டு நின்றாய். நோட்டில் எழுதாமல் விட்டால் கோளாறு இல்லாமல் போய்விடும் என்பதை என்னிடம்தான் கற்றாய். நான் எழுதாமல் விட்டேன். நீ பொய்யையே எழுதினாய். உன் தப்புக்கு என் தப்பு சமாதானம் ஆகாது, ஆனால் இரண்டும் ஒரே குடும்பம்.

இன்று சனிக்கிழமை. காலையில் பல்லைத் துலக்கி, விளக்கேற்றி, விரதத்தோடேயே பஸ் ஏறிச் செங்கல்பட்டு போனேன். வீல் சிலிண்டர் ஒன்று, பிரேக் ஆயில் ஒரு டப்பா. கடைக்காரர் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, சனிக்கெழமையா இதெல்லாம் வாங்குறீங்க?" என்றார். வாங்குகிறேன் என்றேன். மத்தியானத்துக்குள் மாட்டிவிட்டேன். அப்பா இடது காலால் மிதிக்க மிதிக்க, ஹோஸுக்குள் இருந்த காற்றெல்லாம் குமிழ் குமிழாக வெளியேறி, கடைசியில் ஆயில் மட்டும் வந்தது. முறுக்கி மூடினேன். முன் வலது சக்கரம் பிடித்தது. நோட்டில் எழுதினேன். உன் வரியை அடிக்கவில்லை, அது இருக்கட்டும். அதற்கடியில், என்ன கிடைத்தது, எங்கே கிடைத்தது, யார் வைத்தது என்று முழுவதும் எழுதினேன்.

உனக்கு நான் வண்டியைப் பற்றிச் சொல்ல இனி ஒன்றும் இல்லை, எல்லாம் உனக்குத் தெரியும், அதுதான் என் வயிற்றெரிச்சல். வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் ஒரு நாள் உன்னிடம், ஏன் இப்படி இருக்கிறீர்கள், என்ன ஆயிற்று என்று கேட்பாள். அன்றைக்கு அவளிடம், எல்லா ஆம்பிளையும் இப்படித்தான், எல்லா வீடும் இப்படித்தான் என்று சொல்லாதே. உனக்குத் தெரிந்த கோளாறை மறைத்துவிட்டு, கேட்டவளையே ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடிக்கச் சொல்லாதே. மருமகளே, நீயும் கேட்டுக்கொள். அவன் அப்படிச் சொன்னால் நம்பாதே, குனிந்து பார்.

சாயங்காலம் ஏழுமலை வந்தான். ஜீப்பு ரிப்பேர் ஆகிவிட்டது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் அவனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். குண்டை அவன் கையில் கொடுத்தேன். உன்னைத் திட்டுவான், இல்லை அழுவான், இல்லை நேராகக் கன்னியம்மா வீட்டுக்கு ஓடுவான் என்று நினைத்தேன். அவன், "எந்த சக்கரம் பெரிம்மா?" என்று மட்டும் கேட்டான். காட்டினேன். போய் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டான். பஞ்சாயத்தில் சொல்லிவிடலாம்டா, நானே வருகிறேன் என்றேன். அவன் திரும்பிப் பார்க்காமல், "அவன் வந்து சொல்லட்டும் பெரிம்மா. நீங்க சொன்னா புள்ளய காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும்" என்றான். இந்த நிலைமையிலும் அவன் உனக்காகப் பார்க்கிறான், கேட்டுக்கொள்.

நாளைக்கு இல்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பஞ்சாயத்து. அதற்கு முந்தின சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் வந்துவிடலாம். மருமகளையும் அழைத்து வா. நீ வந்தால் நீ பேசு, நான் உன் பக்கத்தில் நின்று என் பங்கைச் சொல்கிறேன். ஏழு மணிக்குள் நீ வரவில்லையென்றால் நோட்டை எடுத்துக்கொண்டு நான் போவேன், காட்டிக் கொடுத்தவள் என்ற பெயர் எனக்கு வரட்டும். ஏழுமலையின் கை அந்தக் கற்பூரத்தைத் தொட நான் விடமாட்டேன்.

கிளம்பும்போது ஏழுமலை சொன்ன ஒரு வார்த்தையை அப்படியே எழுதுகிறேன். கோபமாகச் சொல்லவில்லை. ரொம்ப யோசித்து, புரியாத ஒரு கணக்கைக் கேட்கிற மாதிரிக் கேட்டான். "சொல்லியிருந்தா நான் மெதுவாப் போயிருப்பேனே பெரிம்மா. அவ்ளோதானே. ஏன் சொல்லல?"

எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால், வந்து அவனிடம் சொல்.

உன் அம்மா